மருத்துவருக்கு எழுதிய கடிதம்: ஒரு விளம்பரக் கணக்கின் வரலாறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று வகுத்து நிறைவுறுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. நோயாளியும் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்திற்கு இந்த வகுப்பு போதுமானதாக இருந்தது. நோயாளி ஓரூரிலும் மருத்துவர் வேற்றூரிலும் இருக்கத் தொடங்கியபோது, இடையில் ஐந்தாமவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் நோயைத் தீர்ப்பவரும் அல்லர், மருந்து தருபவரும் அல்லர். எந்த விளம்பரத்தைக் கண்டு எந்த நோயாளி வந்தார் என்று கணக்கு வைத்துக்கொள்பவர் அவர்.

இந்த ஐந்தாமவரின் வரலாற்றையே நாம் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். களம் அமெரிக்கா. இணையவழி மருத்துவ ஆலோசனை வழங்கும் நிறுவனங்கள் தம் நோயாளிகளின் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்கு அளித்துவிட்டன என்னும் வழக்குகள் அந்நாட்டில் 2023ஆம் ஆண்டு முதல் வரிசையாக எழுந்தன. கணினி யுகத்தில் பிறந்த புதிய குற்றம் என்றே இதனைப் பலரும் எழுதினர். சற்றுப் பின்னோக்கிச் சென்றால், நூறாண்டுகளுக்கு முன்பே இதன் மூலவடிவம் அங்கு இருந்தது புலனாகும். அது மட்டுமன்று, நோயாளியின் பெயரை வெளியே விடாமல் விளம்பரத்தின் பயனை எண்ணும் முறையும் அதே காலத்தில் அங்கு இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய சிக்கலின் முடிச்சு எங்கே விழுந்தது என்பது விளங்கும்.

லின் நகரத்துக்குச் சென்ற கடிதங்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்றோர் ஊர். அங்கு வாழ்ந்த லிடியா பிங்கம் என்னும் அம்மையார், பெண்களின் நோய்களுக்கெனத் தாம் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தை 1875இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவரது முகம் அச்சிட்ட விளம்பரங்கள் அமெரிக்கச் செய்தித்தாள்களில் இடையறாது வெளிவந்தன. 'உங்கள் குறைகளைத் திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள்' என்பது அவ்விளம்பரங்களின் அழைப்பு. கடிதங்களை ஆண்கள் எவரும் பார்க்கமாட்டார்கள் என்ற உறுதியும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசிய செய்திகளைப் பெண்கள் எழுதினார்கள். மாதவிலக்கு, கருச்சிதைவு, மகப்பேற்றுக்குப் பின் வந்த துன்பங்கள் எனக் கணவனிடமும் சொல்லாதவை அக்கடிதங்களில் இடம்பெற்றன. இதனை அறியாமை என்று எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அருகில் மருத்துவர் இல்லாதவர்களும், இருந்தும் அவரிடம் செல்ல இயலாதவர்களும் அவர்கள். தொலைவிலிருந்து ஒருவர் செவி கொடுக்கிறார் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கும்.

லிடியா பிங்கம் 1883இல் காலமானார். விளம்பரங்களோ நிற்கவில்லை, அவருக்கு எழுதுமாறு அழைத்தபடியே இருந்தன. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் ஆசிரியர் எட்வர்ட் பாக் இத்தகைய மருந்துகளின் விளம்பரங்களைத் தம் இதழில் ஏற்பதில்லை என 1892இலேயே முடிவு செய்தவர். அவர் 1905இல் பிங்கம் அம்மையாரின் கல்லறையைப் படமெடுத்து இதழில் வெளியிட்டார். இறந்த ஆண்டு பொறித்த அந்தக் கல் பேசியதற்கு மேல் எவரும் பேச வேண்டியிருக்கவில்லை.

நம் பொருளுக்கு இதனினும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. பாக் அமர்த்திய மார்க் சல்லிவன் என்னும் இதழாளர், பொதுவாக மருந்து நிறுவனங்களுக்குச் செல்லும் கடிதங்கள் பின்னர் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தார். கடிதத் தரகர் என்றே ஒரு தொழில் இருந்தது. நோயாளிகள் எழுதிய கடிதங்களை நோய்வாரியாகப் பிரித்து, ஆயிரக்கணக்கில் கட்டுகளாகக் கட்டி, பிற மருந்து விற்பனையாளருக்கு விலைக்கும் வாடகைக்கும் விடுவதே அத்தொழில். காசநோயாளர் கடிதங்கள் ஒரு கட்டு, காது கேளாதோர் கடிதங்கள் மற்றொரு கட்டு. ஒரு மருந்து பலிக்காமல் சோர்ந்திருப்பவருக்கு அடுத்த மருந்தின் விளம்பரம் அஞ்சலில் வந்து சேரும். தம் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது அவருக்குத் தெரியாது. சல்லிவனின் கட்டுரை 1906ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது.

கூப்பனின் மூலையில் ஓர் எண்

இதே காலத்தில், இதே மருந்து வணிகத்தின் உள்ளிருந்தே வேறொரு கணக்கு முறை வளர்ந்தது. விளம்பரத்தின் கீழே வெட்டியெடுத்து அனுப்ப ஒரு கூப்பன் இருக்கும். அதன் முகவரியில் 'பிரிவு 12' என்றோ 'பிரிவு 15' என்றோ ஓர் எண் காணப்படும். அந்நிறுவனத்தில் அப்படியொரு பிரிவு உண்மையில் இராது. எந்தச் செய்தித்தாளில், எந்த வாசகம் கொண்ட விளம்பரத்திலிருந்து அந்தக் கூப்பன் வந்தது என்பதைக் காட்டும் அடையாளமே அந்த எண். மாதக் கடைசியில் எண்வாரியாகக் கூப்பன்களைப் பிரித்து எண்ணினால், எந்த விளம்பரத்துக்குக் கொடுத்த காசு பலித்தது, எது வீணாயிற்று என்பது தெரிந்துவிடும்.

இம்முறையை ஓர் இயலாகவே வளர்த்தவர்களுள் தலையாயவர் கிளாட் ஹாப்கின்ஸ். 1923இல் வெளிவந்த 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' என்னும் அவரது நூல் விளம்பரத் துறையினரால் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் தம் கலையைப் பழகிய இடங்களுள் ஒன்று சிகாகோவின் 'லிக்வோசோன்' நிறுவனம். கிருமிகளை அழித்து எண்ணற்ற நோய்களைத் தீர்க்கும் என்று விற்கப்பட்ட அந்தத் திரவம், ஏறத்தாழ முழுவதும் நீர். அதில் சிறிதளவு கந்தக அமிலங்கள் கலந்திருந்தன. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்னும் இதழாளர் 'காலியர்ஸ்' வார இதழில் 1905 அக்டோபரில் தொடங்கிய புகழ்பெற்ற தொடரில் அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கணக்கிடும் முறை செம்மையாக இருந்த அளவுக்கு விற்ற சரக்கு செம்மையாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் முறை வேறு, சரக்கு வேறு.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். கூப்பனை அனுப்பியவரின் பெயர், அவர் யாருக்கு எழுதினாரோ அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்தது. விளம்பரத்தை வெளியிட்ட செய்தித்தாளுக்கு அது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. 'உங்கள் இதழிலிருந்து இத்தனை கூப்பன்கள் வந்தன' என்ற எண்ணிக்கையே போதுமானது. அந்நிறுவனம் பின்னர் கடிதத்தைத் தரகருக்கு விற்றால் அது தனிப்பட்ட துரோகம். எண்ணும் முறையின் விளைவன்று. ஆக, நோயாளியின் பெயரை விற்பது, விளம்பரத்தின் பயனை எண்ணுவது என்னும் இரண்டும் அன்று வெவ்வேறு செயல்களாக இருந்தன. இவ்விரண்டும் ஒன்றாகிப் போனதே பின்வந்த கதை.

சட்டங்கள் சென்ற பாதை

ஆடம்ஸும் சல்லிவனும் எழுதியவை வீண்போகவில்லை. 1906ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று தூய உணவு மருந்துச் சட்டத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மருந்தில் மதுவோ அபினியோ கோகெயினோ இருந்தால் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்றது அச்சட்டம். குப்பியில் இருப்பதைக் கவனித்த சட்டம், கடிதத்தில் இருப்பதைக் கவனிக்கவில்லை. 1914இல் வணிகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையம் அமைந்தது. நுகர்வோரை ஏமாற்றும் செயல்களையும் தடுக்கும் அதிகாரம் 1938இல் அதற்குக் கிடைத்தது. அந்த 1938ஆம் ஆண்டின் சொற்களே எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இணைய மருத்துவ நிறுவனங்களின்மீது பாய்ந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மருத்துவர்களோ இக்காலம் முழுவதும் விளம்பரத்தை விட்டு ஒதுங்கியே நின்றனர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் தோன்றியபோதே, விளம்பரம் செய்துகொள்வது மருத்துவரின் தகுதிக்கு இழுக்கு என்று தன் நெறிமுறையில் எழுதிவைத்தது. இத்தடை போட்டியைக் கெடுக்கிறது என்று வணிக ஆணையம் 1975இல் வழக்குத் தொடுத்தது. 1979இல் தடையை நீக்க ஆணையிட்டது. 1982இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அவ்வாணை நிலைத்தது. அதன்பின் மருத்துவம் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள முழு உரிமை பெற்றது.

1996இல் வந்த ஹிப்பா சட்டமும் அதன் தொடர்ச்சியாக 2003இல் நடைமுறைக்கு வந்த அந்தரங்க விதிகளும் நோயாளியின் விவரத்துக்கு முதன்முறையாக நாடு தழுவிய காவல் அமைத்தன. நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றி அவரது மருத்துவ விவரத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கலாகாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அந்தக் காவல் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில் எல்லை உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள், காப்பீட்டுக் கணக்குகளை மின்வழியில் அனுப்பும் மருத்துவர்கள், மருத்துவமனைகள், அவர்தம் ஒப்பந்த நிறுவனங்கள் ஆகியோரையே அது கட்டுப்படுத்தும். கையில் காசு வாங்கி இணையத்தில் ஆலோசனைக்கு வழிசெய்து தரும் இடைநிலை நிறுவனம் அந்த எல்லைக்குள் வருமா வராதா என்பது பல நேரங்களில் தெளிவாக இல்லை.

குக்கியும் பிக்சலும்

1994ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுலி, ஓர் இணையதளம் தன்னிடம் முன்பு வந்தவரை மறவாமல் இருக்க உதவும் 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' தளத்தில் இணையப் பட்டை விளம்பரங்கள் தோன்றின. இவ்விரண்டும் இணைந்தபோது, விளம்பரத்தை வெளியிடும் இடைத்தரகர் ஒருவரே பல தளங்களில் ஒரே மனிதரை அடையாளம் காணும் வழி பிறந்தது.

அவ்வழியில் முன்னணியில் நின்ற 'டபுள்கிளிக்' நிறுவனம் 1999இல் 'அபாகஸ் டைரக்ட்' என்னும் நிறுவனத்தை வாங்கியது. அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் குடும்பங்களின் பெயர், முகவரிப் பட்டியலை வைத்திருந்த நிறுவனம் அது. பெயரற்ற குக்கியையும் பெயருள்ள அஞ்சல் பட்டியலையும் பிணைப்பதே திட்டம். எதிர்ப்பு வலுத்தது, வணிக ஆணையம் விசாரணை தொடங்கியது, 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுவனம் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. அன்று மக்கள் எதை எண்ணி அஞ்சினார்களோ, அது பின்னர் ஓசையின்றி நிகழ்ந்தேறியது. மக்கள் தம் உண்மைப் பெயரோடு தாமே சென்று பதிவு செய்துகொள்ளும் சமூக வலைத்தளங்கள் வந்துவிட்டபின், பட்டியலை விலைக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

2015இல் 'ஃபேஸ்புக் பிக்சல்' வந்தது. இதன் செயல்முறையை எளிய சொற்களில் கூறலாம். மருத்துவ நிறுவனம் தன் பக்கத்தில் சில வரி நிரலைப் பதித்து வைக்கிறது. நோயாளி அப்பக்கத்தைத் திறந்ததும், அவருடைய கணினியே அவர் அறியாமல் ஃபேஸ்புக்கின் வழங்கியோடு பேசுகிறது. அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார், எந்தப் பொத்தானை அழுத்தினார், அவரது இணைய முகவரி எது, முன்பே கணினியில் இருக்கும் ஃபேஸ்புக் குக்கி எது என்பன அப்பேச்சில் அடங்கும். 'சந்திப்புக்குப் பதிவு செய்தார்' என்ற செய்தி விளம்பரத்தைப் பார்த்தவரோடு பொருந்தினால் அது ஒரு 'கன்வெர்ஷன்'.

ஹாப்கின்ஸின் கூப்பனோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே செய்தித்தாளுக்கு எண்ணிக்கை மட்டும் சென்றது. இங்கே யார் கூப்பனை அனுப்பினார் என்பதைச் செய்தித்தாளே முதலில் அறிகிறது. மருத்துவ நிறுவனத்துக்கு எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்கிறது. தலைகீழ் மாற்றம் இது. அதோடும் நிற்பதில்லை. வந்தவர் எத்தகையவர் என்பதைக் கற்றுக்கொண்டு, அவரைப் போன்ற பிறரைத் தேடிப்பிடித்து அவர்களுக்கும் அதே விளம்பரத்தைக் காட்டுகிறது. நிறுவனங்கள் இதனை விரும்பியதற்குக் காரணமும் அதுவே.

பெருந்தொற்றும் அதன்பின்னும்

தொலைமருத்துவம் புதியதன்று. பாஸ்டன் விமான நிலையத்தில் இருந்த நோயாளியை, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர் தொலைக்காட்சி இணைப்பு வழியே பார்க்கும் ஏற்பாடு 1968இலேயே இருந்தது. எனினும் அரை நூற்றாண்டுக் காலம் அது ஓரத்திலேயே நின்றது. 2020இல் கோவிட் பெருந்தொற்று வந்ததும் நிலைமை மாறியது. முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் மட்டும் 2019இல் 8.4 இலட்சமாக இருந்த தொலைமருத்துவச் சந்திப்புகள் 2020இல் 5.27 கோடியாயின. பல விதிகள் தளர்த்தப்பட்டன. நேரே நோயாளிகளிடம் விற்கும் புதிய நிறுவனங்கள் பெருகின. மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், பாலியல் குறைபாடு என்று, பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாது என மக்கள் நினைக்கும் நோய்களே அவற்றின் சந்தை. பிங்கம் அம்மையாருக்குக் கடிதம் எழுதிய காரணமும் இதுவே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் இம்முறையும் இதழாளர்களே. 2022 ஜூனில் 'தி மார்க்கப்' என்னும் ஆய்விதழ், புகழ்பெற்ற 100 மருத்துவமனைகளுள் 33இன் தளங்களில் பிக்சல் இருப்பதைக் கண்டது. அது வெளிவந்த சில நாள்களிலேயே, கருக்கலைப்பு உரிமையை நீக்கும் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. எந்த மருத்துவரை எதற்காகத் தேடினார் என்ற குறிப்பு, விளம்பர விஷயமாக மட்டும் இல்லாமல் வழக்கு விஷயமாகவும் ஆகக்கூடும் என்ற அச்சம் அப்போது பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'ஸ்டாட்' இதழோடு சேர்ந்து 50 தொலைமருத்துவத் தளங்களை ஆராய்ந்தபோது, 49 தளங்கள் பெருநிறுவனங்களுக்கு விவரம் அனுப்பியது தெரிந்தது. 13 தளங்களில், நோயாளி தம் உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு அளித்த விடைகளே பின்தொடர் நிரல்களிடம் சிக்கின.

வழக்குகள்

2023 பிப்ரவரியில் வணிக ஆணையம் 'குட்ஆர்எக்ஸ்' நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. மருந்து விலைத் தள்ளுபடியும் இணைய ஆலோசனையும் வழங்கும் நிறுவனம் அது. இதய நோய், இரத்த அழுத்தம் முதலிய நோய்களின் மருந்துகளை வாங்கியோரின் மின்னஞ்சல், தொலைபேசி எண் முதலியவற்றைத் தொகுத்து 2019இல் ஃபேஸ்புக்குக்கு அளித்தது என்பது குற்றச்சாட்டு. நோய்வாரியாகக் கட்டிய கடிதக் கட்டுகள் நம் கண்முன் மீண்டும் தோன்றுகின்றன. தன் தொலைமருத்துவப் பக்கத்தின் அடியில் ஹிப்பா விதிகளுக்கு உட்பட்டது போன்ற முத்திரையையும் அது பொறித்திருந்தது என்றது ஆணையம். அபராதம் 15 இலட்சம் டாலர். அதனினும் பெரிது, நோய் விவரங்களை விளம்பரத்துக்காகப் பிறருக்கு அளிக்கலாகாது என்ற தடை.

அடுத்த மாதமே 'பெட்டர்ஹெல்ப்' வழக்கு. இணையவழி மனநல ஆலோசனை தரும் இந்நிறுவனம், சேர வருவோரிடம் நீண்ட வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுக்கும். துயரம் உண்டா, தற்கொலை எண்ணம் வருகிறதா, மருந்து உட்கொள்கிறீர்களா என்னும் வகையான வினாக்கள். விடைகள் உங்களுக்கும் ஆலோசகருக்கும் இடையிலேயே இருக்கும் என்ற வாக்குறுதி பக்கத்திலேயே இருந்தது. ஆயினும் ஏறத்தாழ 20 இலட்சம் இந்நாள் முன்னாள் பயனாளிகளின் மின்னஞ்சல் முகவரிகள் ஃபேஸ்புக்குக்குச் சென்றன என்றது ஆணையம். அவர்களைப் போன்றோரைக் கண்டுபிடித்து விளம்பரம் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். எந்த விவரத்தை அனுப்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு, நோயாளியின் அந்தரங்கம் காப்பதில் பெரிதாகப் பயிற்சியேதும் பெறாத, கல்லூரியிலிருந்து அண்மையில் வெளிவந்த ஓர் இளம் பணியாளரிடம் விடப்பட்டிருந்ததாகவும் புகார் கூறியது.

கல்லூரியில் பாடம் நடத்தும் நமக்கு இந்த வரி உறுத்தலாகவே இருந்தது. அந்த இளைஞர் தீங்கு எண்ணியிருக்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்டார்கள், கணக்கெடுக்கும் கருவி கையில் இருந்தது, அதனை இயக்கினார். ஒரு வரிசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

இவ்வழக்கில் 'ஹாஷ்' என்னும் ஒரு நுட்பமும் பேசப்பட்டது. மின்னஞ்சல் முகவரியை அப்படியே அனுப்பாமல், ஒரு கணித விதியால் பொருளற்ற எழுத்துத் தொடராக மாற்றி அனுப்புவது இது. படித்தால் புரியாது, ஆதலால் பாதுகாப்பானது என்று பலர் நம்பினர். ஆனால் ஒரே முகவரி எங்கு மாற்றப்பட்டாலும் அதே தொடராகவே மாறும். ஃபேஸ்புக்கிடம் தன் உறுப்பினரின் முகவரிகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றையும் அதே விதிப்படி மாற்றி ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒப்பிட்டு ஆளைக் காண்பதற்காகவே அது அனுப்பப்படுகிறது; காணமுடியாதென்றால் அனுப்புவதில் பயனே இல்லை. முகத்திரை போட்டவர் அழைத்தவுடன் பெயர் சொல்லித் திரும்புவது போன்றது இது. பெட்டர்ஹெல்ப் 78 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அத்தொகை 2024இல் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்குப் பகிரப்பட்டது. ஆளுக்குச் சுமார் 10 டாலர்.

2024 ஏப்ரலில் மேலும் இரு வழக்குகள் முடிவுற்றன. 'செரிப்ரல்' என்னும் மனநலச் சேவை நிறுவனம் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் விவரங்களைப் பின்தொடர் நிரல்கள் வழியே வெளியே விட்டது என்று ஆணையம் கூறியது. அதே நிறுவனம், 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு உறையில்லாத அஞ்சலட்டைகளில், அவர்களது நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வாசகங்களோடு விளம்பரமும் அனுப்பியிருந்தது. கணினி அறியாதோருக்கும் இந்த அஞ்சலட்டை விளங்கும். உள்ளே நடந்ததும் அதுவே. அஞ்சலட்டையைத் தபால்காரர் படிக்கக்கூடும், பிக்சலை விளம்பர நிறுவனம் படித்தது. மற்றொன்று, குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் 'மானுமென்ட்'. வாராந்தரச் சிகிச்சைக்குப் பணம் கட்டினார், மருந்துக்குப் பணம் கட்டினார் என்று பொருள்படும் பெயர்களையே அது தன் கன்வெர்ஷன் குறிப்புகளுக்கு இட்டிருந்தது. குறிப்பின் பெயரே நோயைச் சொல்லிவிட்டது.

எதிர்வாதமும் நியாயமும்

மருத்துவமனைகளுக்கும் சொல்வதற்கு உண்டு. அமெரிக்கச் சுகாதாரத் துறை 2022 டிசம்பரில் வெளியிட்ட விளக்கம், பின்தொடர் நிரல்களை ஹிப்பா எல்லைக்குள் கொண்டுவந்தது. நுழைவுச்சொல் தேவைப்படாத பொதுப் பக்கத்தை ஒருவர் பார்த்ததும் அவரது இணைய முகவரியும் சேர்ந்தாலே, அது காக்கப்பட வேண்டிய விவரமாகலாம் என்றது அது. புற்றுநோய் பற்றிய பக்கத்தைப் படிப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டுமா? மாணவராகவோ நண்பருக்காகத் தேடுபவராகவோ இருக்கலாமே என்று மருத்துவமனைச் சங்கம் வழக்காடியது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 ஜூன் 20 அன்று அந்தப் பகுதியைச் செல்லாதென்று தள்ளியது. எந்தப் பக்கம் மக்களுக்குப் பயன்படுகிறது என்று அறியாமல் நல்ல தளத்தை நடத்த இயலாது என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

விளம்பரமே கூடாது என்பாரும் உளர். அதனை நாம் ஏற்க இயலவில்லை. குடியை விடத் தவிக்கும் ஒருவருக்கு, வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் காணலாம் என்று எவரேனும் சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்குச் செலவாகும், எந்தச் செலவு பலித்தது என்று பார்ப்பதும் வணிகத்தின் இயல்பு. கேள்வி, எண்ணலாமா என்பதன்று. பெயரை வெளியே அனுப்பாமல் எண்ண முடியுமா என்பதே.

முடியும் என்பதற்கு இன்று வழிகள் பல உள்ளன. முதலாவது, நோயாளி தொடும் பக்கங்களில் பிறர் நிரலை வைக்காமலிருத்தல். விவரம் முதலில் நிறுவனத்தின் சொந்த வழங்கிக்கு, அல்லது ஹிப்பாவின்படி ஒப்பந்தம் செய்துகொண்ட இடைநிலையாளருக்கு மட்டும் செல்லும். பெயர், முகவரி, பக்கத்தின் பெயர் முதலியன நீக்கப்பட்டபின் மொத்த எண்ணிக்கையே வெளியே போகும். கூகுள் தன் அனலிட்டிக்ஸ் சேவைக்கு அத்தகைய ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்துள்ளது. அதனை அறியாமல் பொருத்தியவர்கள் பலர். இரண்டாவது, விளம்பரத்துக்கொரு தொலைபேசி எண்ணோ குறியீடோ தருதல். இது ஹாப்கின்ஸின் 'பிரிவு 12' தான், வேறெதுவும் இல்லை. மூன்றாவது, சில நகரங்களில் விளம்பரம் செய்து சிலவற்றில் செய்யாமல் விட்டு, இரு தொகுதியிலும் வந்தோர் தொகையை ஒப்பிடுதல். இதில் தனிமனிதர் எவரையும் பின்தொடரத் தேவையே இல்லை. நான்காவது, மிகப் பழையது: 'எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?' என்று நோயாளியையே கேட்பது.

இவற்றில் துல்லியம் குறையும் என்பது உண்மை. முதல் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. விளம்பரத்தைத் தொட்டபோது கிடைத்த அடையாள எண்ணை மட்டும் திருப்பி அனுப்பினாலும், அந்த எண் யாருடையதென்று விளம்பர நிறுவனத்துக்குத் தெரியும். ஆதலால் பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது வேறு, பெயர் தெரியாமல் இருப்பது வேறு.

சட்டமும் இத்திசையில் நகர்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2023 ஏப்ரலில் இயற்றிய நலவிவரச் சட்டம், ஹிப்பா எட்டாத நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. விவரத்தைப் பகிரத் தனி ஒப்புதலும், விற்கக் கையெழுத்திட்ட தனி அனுமதியும் கேட்கிறது. மெட்டா நிறுவனமே 2025 ஜனவரி முதல் நலத்துறை விளம்பரதாரர் சிலவகைக் கன்வெர்ஷன் குறிப்புகளை அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. மாதவிடாய்க் கணக்குக்கான 'ஃப்ளோ' செயலி தொடர்பான வழக்கில், 1967இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பைத் தடுக்க இயற்றிய கலிபோர்னியச் சட்டத்தை மெட்டா மீறியது என்று 2025 ஆகஸ்டில் நடுவர் குழு கூறியது. மெட்டா அதனை ஏற்கவில்லை. ஒட்டுக்கேட்டல் என்ற பழஞ்சொல்லே இதற்குப் பொருந்தும் என்று சாதாரண மக்கள் அடங்கிய நடுவர் குழுவொன்று கருதியது கவனிக்கத்தக்கது.

நிறைவாக ஒன்று. 1906இல் சட்டம் மருந்துக் குப்பியைத் திருத்தியது, கடிதத்தை விட்டுவிட்டது. அந்தப் பிழை மீண்டும் நேராதிருக்க வேண்டுமானால், ஐந்தாமவர் எதை எண்ணலாம், எதைக் கேட்கலாகாது என்பதை மருத்துவமே முதலில் சொல்ல வேண்டும். அபராதம் வந்தபின் சொல்வதனால், கடிதம் எழுதியவருக்கு ஆவதொன்றுமில்லை. லின் நகரத்துக்கு எழுதிய பெண்களுள் எத்தனை பேர் தம் கடிதம் தரகரின் கட்டில் இருந்ததை அறிந்திருப்பர்? இன்று நள்ளிரவில் வினாப்பட்டியலின் முன் அமர்ந்து, 'தற்கொலை எண்ணம் வருகிறதா' என்ற வினாவுக்கு 'ஆம்' என்பதைத் தொடுவதா வேண்டாமா என்று தயங்கும் ஒருவருக்கு, அந்த விடை மருத்துவரைத் தவிர வேறெவருக்கும் போகாது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லையெனில் அவர் 'இல்லை' என்பதைத் தொடுவார். மருத்துவம் அவ்விடத்திலேயே தோற்றுவிடும்.